இருந்த இடத்திலேயே படிக்க வேண்டிய மணல்

காலடி மண் – 7

1953 பிப்ரவரி 1 அன்று வடகடல் பொங்கி, நெதர்லாந்தில் 1,836 பேரைப் பலிகொண்டதைச் சென்ற வாரம் பார்த்தோம். அதன்பின் அந்த நாடு எதிர்கொண்ட கடினமான வேலை, ஊஸ்டர்ஸ்கெல்ட கழிமுகத்தைக் காப்பது. அணை கட்டி ஒரேயடியாக மூடிவிடுவதுதான் முதல் திட்டம். மூடினால் ஓதம் நின்றுவிடும், சிப்பி வளர்ப்போரின் பிழைப்பும் போய்விடும் என்று எதிர்ப்பு எழுந்தது. 1970களின் நடுவில் அரசு திட்டத்தை மாற்றியது. எப்போதும் திறந்திருந்து, புயலுக்கு மட்டும் மூடும் 62 மதகுகள். அவற்றைத் தாங்க 65 கான்கிரீட் தூண்கள். ஒரு தூணின் எடை சுமார் 18,000 டன். அவை நிற்கவேண்டியது பாறையில் அல்ல, கழிமுக மணலில்.

கழிமுகத்து மண் ஒரே சீராக இருப்பதில்லை. ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் நீரோட்டம் மணலை இழுத்துவருகிறது. இரண்டுக்கும் நடுவே நீர் அசையாது நிற்கும் சிறிது நேரத்தில் மென்சேறு படிகிறது. நீரோடும் வழி இடம் மாறும்போது, பழைய பள்ளத்தில் புதுமணல் தளர்வாக நிரம்புகிறது.

இந்தத் தளர்ச்சியில்தான் ஆபத்து. படியில் அளந்த அரிசியைத் தட்டினால் மட்டம் இறங்குவதுபோல, குலுங்கும் மணலும் நெருங்கி அமரப் பார்க்கும். இடையில் உள்ள நீர் உடனே வெளியேற முடியாவிட்டால் அதன் அழுத்தம் ஏறும். துகள்கள் பிடிப்பை இழக்கும். மணல் குழம்பாக ஓடும். ஸீலாந்து மாகாணத்தின் கரைகள் பல இப்படிச் சரிந்திருக்கின்றன. புயல் அலைகள் மதகுகளை மணிக்கணக்கில் அறையும்போது, ஒவ்வோர் அறையும் தூண் வழியாகப் படுகைக்குத்தான் போய்ச்சேரும்.

எனவே மணலின் இறுக்கம் தெரிந்தாக வேண்டும். குழாய் இறக்கி மாதிரி எடுத்தால், மேலே வருவதற்குள் அது கலைந்துவிடும். துகளின் பருமன் தெரியும். அது எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது தெரியாது.

இதற்கான கருவி 1930களில் நெதர்லாந்திலேயே உருவானது. 60 பாகை கூர்மையும் 10 சதுர சென்டிமீட்டர் குறுக்குப்பரப்பும் கொண்ட எஃகுக் கூம்பை, நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் அழுத்துவார்கள். இளகிய களிமண்ணில் முனைக்கு நூறு கிலோ அழுத்தம்கூட வேண்டியதில்லை. இறுகிய மணலில் ஒன்றரை டன்னும் தேவைப்படும். முனைக்குச் சற்று மேலே உள்ள உறை, பக்கவாட்டு உராய்வை அளக்கிறது. முனையின் எதிர்ப்போடு ஒப்பிட்டால் இந்த உராய்வு மணலில் ஒரு சதவீத அளவிலும், களிமண்ணில் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்காகவும் இருக்கும். பின்னாளில் நீரழுத்தமானியும் சேர்ந்தது. மணலில் நீர் எளிதில் விலகிவிடும். களிமண்ணில் விலக வழியில்லாததால் அளவு சட்டென்று ஏறும். முனையின் எதிர்ப்பில் மங்கலாகிப்போகும் மெல்லிய சேற்றுப்படலத்தை இந்த ஏற்றம் காட்டிக்கொடுக்கும்.

ஊஸ்டர்ஸ்கெல்டவில் மைட்டிலஸ் என்ற கப்பல் நான்கு பெரிய அதிர்வுக் குழாய்களைப் படுகைக்குள் இறக்கி, சுமார் 15 மீட்டர் ஆழம்வரை மணலை இறுக்கியது. இறுக்கியது போதுமா என்பதைச் சொல்லவும் கூம்புதான் தேவைப்பட்டது. ஒரே இடத்தில் முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் வேலையின் பலன் தெரிந்துவிடும். 1986 அக்டோபர் 4 அன்று தடுப்பணை திறக்கப்பட்டது.

மண் என்ன வகை என்று கேட்பதோடு பலர் நின்றுவிடுகிறோம். அது எந்த நிலையில் கிடக்கிறது என்பதே கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. அடித்தளத்துக்காகச் செலவிடும் பணத்தில், கலைக்காமல் அளக்கும் இந்தச் சோதனைக்கான பங்கை ஒருபோதும் குறைக்கக்கூடாது.

அடுத்த வாரம்: தடுப்பணை வந்தபின் ஊஸ்டர்ஸ்கெல்டவின் மணல்திட்டுகள் ஏன் தேய்ந்துகொண்டே போகின்றன?