சொல்லடியும் அடிதான்



உடம்பில் அடி விழுந்தால் வீங்கும், கன்றிப் போகும். டிரெசர் பார்த்து மருந்து போடுவார். மனத்தில் விழும் அடிக்குத் தழும்பு தெரியாது. அதனால்தான் "அவரு கை நீட்டுறதில்லையே, வாய்தான் கொஞ்சம் நீளம்" என்று சொல்லி, நம் பெண்கள் பலர் வருஷக் கணக்கில் பொறுத்துப் போகிறார்கள்.

புருஷன் பெண்சாதி என்றால் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் சண்டை வேறு, வதை வேறு. சண்டையில் இருவரும் பேசுவார்கள்; பிறகு சமாதானமாவார்கள். வதையில் ஒருவர் பேசுவார், மற்றவர் பயப்படுவார். அது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நடக்கும். கீழ்க்காணும் அடையாளங்களைக் கவனியுங்கள்:

1. பிள்ளைகள் முன்னாலும் அக்கம்பக்கத்தார் முன்னாலும் "நீ எதுக்கு லாயக்கு?" என்று மட்டம் தட்டுவது; நிறத்தையும் பிறந்த வீட்டையும் இழுத்துப் பேசுவது.

2. சம்பளம் போட்டதும் பேங்க் கார்டைப் பிடுங்கிக்கொண்டு, பிள்ளைக்குப் பால்மாவு வாங்கக்கூடக் கெஞ்ச வைப்பது.

3. தாய் வீட்டுக்கும் கோயிலுக்கும் சங்கக் கூட்டத்துக்கும் போகவிடாமல் தடுப்பது, கைப்பேசியைப் பிடுங்கி "யார்கிட்ட பேசினே?" என்று குடைவது.

4. "பிள்ளைங்களை உன் கண்ணுல காட்ட மாட்டேன்", "நீ போனா நான் மருந்து குடிச்சிடுவேன்" என்று மிரட்டுவது.

5. மறுநாள் அழுது மன்னிப்புக் கேட்பது. பிறகு "நீதானே என் கோபத்தைக் கிளறினே" என்று பழியைத் திருப்புவது. சில நாளில் மீண்டும் பழைய கதைதான்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உங்கள் வயிறு கலங்குகிறதா? விளையாடும் பிள்ளைகள் சட்டென்று அடங்கிவிடுகிறார்களா? அப்படியானால் அந்த வீட்டில் இருப்பது மரியாதை அல்ல, பயம்.

ஓயாத பயம் உடம்பையும் கெடுக்கும். தூக்கம் போகும், தலைவலி, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றெரிச்சல் வரும். சிறு பிள்ளைகள் படுக்கையை நனைக்கலாம், படிப்பில் பின்தங்கலாம். மாத்திரை சாப்பிட்டும் தீராத நோவுக்கு வேர் வீட்டிலேயே இருக்கக்கூடும். கிளினிக்கில் டாக்டரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டு, மனத்தைப் புண்படுத்தும் கொடுமையையும் வன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. அடித்தாலோ, அடிப்பார் என்ற அச்சம் இருந்தாலோ, 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சமூகநல அதிகாரி 7 நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். அதற்குப் போலீஸ் புகார் முதலில் வேண்டும் என்பதில்லை. 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஐ.சி.யையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் சட்டென எடுக்கும்படி வைத்திருங்கள். நம்பிக்கையான ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

பக்கத்து வீட்டாருக்கு ஒரு வார்த்தை: உதவி தேடி வருகிறவளை "அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து, அவள் சொல்வதை நம்பிக் கேளுங்கள்.

ஆண் தோழர்களே! வேலைக் களைப்பும் குடியும் இதற்குச் சாக்காகாது. கிராணி முன்னால் அடங்கத் தெரிந்த வாய்க்கு வீட்டிலும் அடங்கத் தெரியும். மனைவியின் வசவுக்கும் மிரட்டலுக்கும் பயந்து வாழும் ஆண்களும் உண்டு. அவர்களும் வெட்கப்படாமல் உதவி கேட்கலாம்.

வேலைக்காட்டில் நம் மரியாதைக்காகச் சங்கம் அமைத்தோம். அதே மரியாதை நம் வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டும்.