சாய்ந்து நின்ற வண்டி

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் குறை இருக்கும் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். அந்த முடிவு எவ்வளவு தவறாகப் போகும் என்பதைச் சென்ற பலாப் பருவத்தில் எங்கள் வீட்டு வண்டி எனக்குக் கற்பித்தது. வகுப்பில் மதிப்பெண்ணுக்காக மட்டுமே படித்த ஒரு விதி வீட்டு வாசலில் பயன்பட்ட வரலாற்றைத் தோழர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். நெய்வேலியில் வசிக்கும் என் தந்தையார், கடனில் வாங்கிய ஒரு பழைய பிக்கப் வண்டியை ஓட்டுகிறார். பண்ருட்டிப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றிச் செல்வதே தொழில். சென்ற மே மாதத்தில் ஒருநாள், வெறும் வண்டியே இடப்பக்கம் சாய்ந்து நிற்பதை அம்மா முதலில் கண்டார். லோடு ஏற்றினால் பின்புறம் இன்னும் தாழ்ந்தது. பலாப்பழம் நெல் மூட்டைபோல் அடங்கிக் கிடப்பதன்று. வளைவில் உருளக் கூடியது. சாய்ந்த வண்டியில் அது பேராபத்து.

பட்டறையில் பார்த்தவர், “பின் பட்டை ரெண்டு பக்கமும் மாத்தணும், 14,000 ரூபாய் ஆகும்” என்றார். அந்த மாதத் தவணையையும் தம்பியின் பள்ளிக் கட்டணத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. “வண்டியையே வித்துடலாமா?” என்று அப்பா அம்மாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அன்றிரவு இயற்பியல் நூலைத் திறந்தேன்.

வண்டியின் எடை அச்சின்மேல் நேராக இறங்குவதில்லை. எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் போன்ற ஸ்பிரிங்கின் வழியே இறங்குகிறது. ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி யாவரும் அறிந்ததே: விசை எவ்வளவோ அதற்கேற்ப வில் வளையும். இரு பக்கமும் ஒரே எடையைத் தாங்கியும் ஒரு பக்கம் அதிகம் அமுங்கினால், அந்தப் பக்கத்து வில்லின் விறைப்பு குறைந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு பட்டையின் விறைப்பும் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். துரு தின்ற பட்டையும் ஒடிந்த பட்டையும் வண்டியைச் சாய்ப்பது இதனால்தான். ஷாக் அப்சார்பரைப் பலரும் குறை கூறுவர். ஆனால் ஆட்டத்தை அடக்குவதே அதன் வேலை, எடையைத் தாங்குவதன்று.

மறுநாள் பட்டறைக்குச் சென்று, “அண்ணே, மாத்துறதுக்கு முன்னாடி ஒருதரம் அளந்து பார்க்கலாமா?” என்று கேட்டேன். “அளந்து என்ன பாப்பா ஆகப்போவுது? சரி, பாரு” என்று சிரித்தார். ஆனாலும் கூடவே நின்று உதவினார்.

முதலில் தரை. கொத்தனார் வேலை செய்யும் என் மாமாவிடம் மட்டம் பார்க்கும் டியூப் வாங்கி, நான்கு சக்கரமும் நிற்கும் இடங்களைச் சரிபார்த்தோம். அடுத்து டயர்களின் காற்றை ஒரே அளவாக்கினோம். வண்டியில் கிடந்த கயிறு, தார்ப்பாய், ஸ்டெப்னி யாவற்றையும் இறக்கினோம். பிறகு ஒவ்வொரு மூலையிலும் அச்சுக்கும் சேஸிஸ் சட்டத்துக்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயரின் குறையும் கணக்கில் சேர்ந்துவிடும். அச்சிலிருந்து அளந்தால் ஸ்பிரிங்கின் குறை மட்டுமே தெரியும். முன்புறம் இடப்பக்கம் 2.4 செ.மீ. தாழ்வு, பின்புறம் 2.2 செ.மீ. தாழ்வு.

இங்கேதான் சிக்கல். சட்டம் விறைப்பானது. நாற்காலியின் ஒரு கால் தேய்ந்தால் பலகை முழுவதும் சாய்வதுபோல, முன்னோ பின்னோ எந்த ஸ்பிரிங் தளர்ந்தாலும் இரு முனைகளும் சேர்ந்தே சாயும். லோடு பின்னால் இருப்பதால் பின்புறம்தான் நம் கண்ணில் படுகிறது. ஆகவே முன்னையும் பின்னையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும்.

அதற்கு ஒரு ஜாக்கி போதும். பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முன்புறச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கியை வைத்து, முன் சக்கரங்கள் தரையை விடும் அளவுக்குத் தூக்கினோம். இப்போது முன்புறம் ஒரே புள்ளியில் நிற்கிறது. சாய்வை முடிவு செய்வது பின் ஸ்பிரிங்குகள் மட்டுமே. (ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் எவரும் நுழையலாகாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.) அளந்தேன். பின்புற வேறுபாடு 0.3 செ.மீ.தான்! பட்டறை அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

பிறகு முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புற நடுவில் தூக்கினோம். முன்புறச் சாய்வு 2.4லிருந்து 5.1 செ.மீ. ஆயிற்று. அதாவது, குற்றவாளிகள் என்று நாங்கள் பழித்த பின் ஸ்பிரிங்குகள்தாம் அதுவரை வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தன!

முன் இடப்பக்க ஸ்பிரிங்கைக் கழற்றிச் சேற்றையும் கிரீஸையும் சுரண்டியபோது உண்மை வெளிப்பட்டது. ஐந்து பட்டைகளில் இரண்டு, நடு போல்ட் துளையருகே ஒடிந்திருந்தன. மேலே பிடிப்பு மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. நல்ல நிலையிலிருந்த வலப்பக்க ஸ்பிரிங் வண்டி எடையில் 8 செ.மீ. அமுங்கியது. ஐந்தில் மூன்று பட்டைகள் மட்டும் தாங்கினால் ஏறத்தாழ 13 செ.மீ. அமுங்க வேண்டும், வேறுபாடு 5 செ.மீ. அளவும் கணக்கும் ஒத்துப்போன அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைத் தேர்வு முடிவுகளில்கூட நான் கண்டதில்லை.

பட்டை ஏன் ஒடிந்தது? ஸ்பிரிங்கை அச்சோடு இறுக்கும் யூ போல்ட் தளர்ந்திருந்தது. பிடிப்பு தளர்ந்தால், பட்டையின் வளைவு துளையால் நலிந்த நடுவிடத்திலேயே விழும். சாலையின் இடது ஓரத்துப் பள்ளங்கள் மிச்சத்தை முடித்துவிட்டன. இரண்டு பட்டைகளும் நான்கு யூ போல்டுகளும் புதிதாகப் போட்டு, வலப்பக்கத்தையும் கழற்றி வளைவு பொருந்துகிறதா என்று பார்த்துப் பூட்டினோம். கூலியோடு 3,200 ரூபாய். லோடு ஏற்றி ஓட்டியபின் யூ போல்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதை அப்பா இன்றுவரை மறப்பதில்லை.

எங்கள் ஊர்ச் சுரங்கமும் இதைத்தான் சொல்கிறது. 1957இல் தோண்டத் தொடங்கி, 1961இல் பழுப்பு நிலக்கரியைக் கண்ட நெய்வேலியில், நிலக்கரிப் படுகைக்கும் கீழே அழுத்தத்தோடு கூடிய நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொள்ளும். மேலே விரிசலைக் கண்டு மேலே பூசிப் பயனில்லை. நோயின் முதற்காரணத்தைத் தேடச் சொன்ன வள்ளுவர் வழியும் இதுவேயன்றோ?

இப்போது எங்கள் வண்டி நேராக நிற்கிறது. அப்பா பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அவருடைய வண்டிப் பெட்டியில் இன்று ஒரு டேப்பும், நான்கு மூலைகளின் உயரத்தை மாதந்தோறும் அவரே எழுதிவைக்கும் ஒரு சிறு நோட்டும் இருக்கின்றன. நான் கல்லூரியில் பெற்ற கல்வியில் அவருக்கும் ஒரு பங்கு சேர்ந்துவிட்டது.