உயர்த்தப்பட்ட ஜீப் வண்டியில் தோன்றும் நடுக்கமும் அதன் காரணத்தைக் கண்டறியும் முறையும்

மலையடிவாரக் கிராமங்களிலும், ஏலம், காப்பி முதலியன பயிராகும் தோட்டங்களிலும், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப் வண்டி இன்றியமையாத சாதனமாக இருந்து வருகின்றது. கம்பம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்வதும், உரமூட்டைகளை மேலே கொண்டு செல்வதும், விளைபொருளைக் கீழே இறக்குவதும் பெரும்பாலும் இவ்வண்டிகளாலேயே நடைபெறுகின்றன. பாறையும் பள்ளமும் நிறைந்த பாதைகளில் வண்டியின் அடிப்பாகம் இடிபடாமலிருக்கும் பொருட்டு, சிலர் கமான் பட்டைகளை மாற்றியோ, பட்டைக்கும் அச்சுக்கும் இடையே கட்டை வைத்தோ, வண்டியை இரண்டு அல்லது மூன்று அங்குலம் உயர்த்திக் கொள்கின்றனர். இதனால் இடிபடுதல் குறைவது உண்மையே. ஆயினும் சில நாட்களில் வண்டியில் ஒருவித நடுக்கமும் முழக்கமும் தோன்றுகின்றன. சக்கரத்தில் குறையென்று எண்ணி டயரை மாற்றுவோரும், எஞ்சினைப் பிரிப்போரும் உளர். குறையோ பெரும்பாலும் வண்டியின் அடியில் சுழலும் புரொப்பெல்லர் ஷாப்டு என்னும் சுழல் தண்டின் கோணத்தில் இருக்கின்றது.

இக்குறையை அலட்சியம் செய்தல் தகாது. மூட்டு உடைந்து தண்டின் முன்முனை கீழே விழுமாயின், அது தரையில் ஊன்றி வண்டியையே தூக்கிவிடக்கூடும். சுழன்றடித்துப் பிரேக் குழாயை அறுத்துவிடவும் கூடும். மலைப்பாதையில் பத்துப் பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு இவ்விரண்டில் எது நேர்ந்தாலும் உயிர்ச்சேதத்திற்கு இடமுண்டு.

நடுக்கம் உண்டாவதன் காரணம்

கியர்ப் பெட்டியும் அதனையடுத்த டிரான்ஸ்பர் பெட்டியும் சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாதிருக்கின்றன. பின்னச்சோ கமான் பட்டையின்மீது மேலும் கீழும் ஆடுகின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் தண்டு வளைந்து கொடுப்பதற்காக, அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவான மூட்டு அமைந்திருக்கின்றது. இதனைத் தொழிலாளர் ‘ஜாயிண்ட் கிராஸ்’ என்பர்.

இம்மூட்டின் இயல்பு ஒன்றுண்டு. இரு தண்டுகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமல் கோணத்தில் நிற்கும்போது, முதல் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு அவ்வாறு சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தாமதித்தும் சுழலும். கோணம் மிகுந்தால் இவ்வேறுபாடும் மிகும். தண்டின் மறுமுனையிலுள்ள மூட்டும் அதே அளவு கோணத்தில், சரியான நிலையில் நின்றால், முதல் மூட்டு உண்டாக்கிய ஏற்றத்தாழ்வை அது ஈடுசெய்துவிடும். இரு கோணங்களும் சமமாதல், தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்றல் என்னும் இவ்விரண்டுமே சுழல் தண்டு அமைதியாக ஓடுவதற்கு அடிப்படையாகும்.

வண்டியை உயர்த்தும்போது இவ்வமைப்புக் கெடுகின்றது. ஜீப்பின் பின்தண்டு குட்டையானது. 24 அங்குல நீளமுள்ள தண்டில் இரண்டு அங்குலம் உயர்த்தினால், அதன் சாய்வு ஏறக்குறைய 5 டிகிரி அதிகமாகும்.

எந்த நடுக்கம் எதனால் என்பது

30 அங்குல விட்டமுள்ள சக்கரம், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு ஏழு சுற்றுச் சுற்றும். பின்னச்சின் பற்சக்கர விகிதம் நாலுக்கு ஒன்றாக இருப்பின், தண்டு வினாடிக்கு 28 சுற்றுச் சுற்றும். ஆகவே:

1. சக்கரக் குறையால் எழுவது மெதுவான குலுக்கல். அது பெரும்பாலும் ஸ்டீயரிங்கிலோ இருக்கையிலோ தெரியும்.

2. தண்டு வளைந்திருத்தல், அதன்மேல் ஒட்டிய எடைத்தகடு கழன்றிருத்தல், சேறு அப்பியிருத்தல் ஆகியவற்றால் சுற்றுக்கு ஒருமுறை நடுக்கம் எழும். வேகம் ஏற ஏற அது வலுக்கும்.

3. கோணக் குறையால் சுற்றுக்கு இருமுறை, அதாவது வினாடிக்கு 56 முறை, அதிர்வு எழும். இது குலுக்கலாக இராது. முழக்கமாகக் காதிலும் தரைத்தகட்டிலும் தெரியும். விசைமிதியை அழுத்தும்போதும் விடும்போதும் இது மாறுவது வழக்கம்.

4. மெதுவாகச் செல்லுகையில் ‘கிரீச்’ என்னும் ஒலியும், புறப்படும்போது ‘டக்’ என்னும் அடியும் கேட்டால், மூட்டின் ஊசித் தாங்கிகள் கிரீஸ் இன்றி உலர்ந்தோ தேய்ந்தோ போயின என்று அறிக.

ஓட்டிப் பார்க்கும் சோதனை

நடுக்கம் தோன்றும் வேகத்தில் சமதளச் சாலையில் வண்டியைச் செலுத்தி, அதே வேகத்தில் வேறொரு கியருக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சுற்று மாறியும் நடுக்கம் மாறாதிருப்பின், குறை கியர்ப் பெட்டிக்குப் பின்னால் இருக்கின்றது. நடுக்கமும் உடன் மாறினால் எஞ்சினையும் கிளச்சையும் நோக்க வேண்டும். இச்சோதனையை ஆளில்லாத நேரான சாலையிலேயே செய்தல் வேண்டும். மலை இறக்கத்தில் ஒருபோதும் செய்தலாகாது.

அளந்து பார்க்கும் முறை

வண்டியைச் சமமான தரையில், வழக்கமான பாரத்துடன், நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றியிருக்க நிறுத்த வேண்டும். ஜாக்கியால் தூக்கி அச்சு தொங்கும் நிலையில் அளந்தால் கணக்குப் பிழையாகும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே அடியில் செல்ல வேண்டும். பழைய ஜீப்கள் பலவற்றில் கைப்பிரேக் டிரான்ஸ்பர் பெட்டியின் பின்புறத்திலுள்ள தண்டைப் பிடிப்பதாகும். அவற்றில் பின்தண்டைக் கழற்றியதும் கைப்பிரேக் பின்சக்கரங்களை நிறுத்தாது என்பதை மறத்தல் கூடாது.

முதலாவதாக, தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நழுவு மூட்டைப் பிரித்துச் சேர்த்தவர் ஒரு பல் மாற்றிப் பொருத்தியிருந்தால், அதுவே நடுக்கத்திற்குப் போதிய காரணமாகும். பிரிக்குமுன் இரு பாகங்களிலும் குறியிட்டுக் கொள்வது இப்பிழையைத் தடுக்கும். வண்டி உயர்ந்தபின் நழுவு மூட்டு அளவுக்கு மேல் வெளியே இழுபட்டிருக்கின்றதா என்பதையும் உடன் கவனிக்க வேண்டும்.

இரண்டாவதாக, கோணம் காட்டும் ரசமட்டத்தைக் கொண்டோ, கோணமானியில் தூக்குக்குண்டு கட்டியோ, டிரான்ஸ்பர் பெட்டியின் வெளிமுனை, தண்டு, பின்னச்சின் பினியன் ஆகிய மூன்றின் சாய்வையும் குறித்துக் கொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசமே மூட்டின் கோணமாகும்.

ஓர் உதாரணம் கொள்வோம். டிரான்ஸ்பர் பெட்டி பின்னோக்கி 3 டிகிரியும், தண்டு 12 டிகிரியும், பினியன் அதே திசையில் 7 டிகிரியும் சாய்ந்திருப்பதாக வைத்துக் கொண்டால், முன்மூட்டின் கோணம் 9. பின்மூட்டின் கோணம் 5. வித்தியாசம் 4. பினியனைத் தண்டின் பக்கம் நிமிர்த்தினால் நல்லதென்று எண்ணி ஆப்பு வைத்த வண்டிகளில் இத்தகைய அளவு காணப்படும். பின்மூட்டின் பாரம் குறைந்தது மெய்யே. ஆனால் முன்மூட்டின் ஏற்றத்தாழ்வை ஈடுசெய்யும் சக்தி அதற்கு இல்லாமற் போயிற்று.

பரிகாரம்

இரு முனைகளிலும் ஒற்றை மூட்டுள்ள தண்டாயின், பினியன் டிரான்ஸ்பர் பெட்டியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். மேற்கண்ட உதாரணத்தில் அச்சுக்கும் கமான் பட்டைக்கும் இடையே உள்ள ஆப்பை மாற்றிப் பினியனை 3 டிகிரிக்குக் கொணர்ந்தால், இரு கோணங்களும் 9 ஆகிச் சமப்படும். ஆப்பு இரும்பாக இருத்தல் நலம். யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டத்திற்குப் பின் மீண்டும் முடுக்க வேண்டும்.

சமமாயினும் 9 டிகிரி என்பது பெரிய கோணமே. மெதுவாகச் செல்லும் மலைப்பாதைக்கு அது பொறுக்கும். தண்டு நிமிஷத்திற்கு 3000 சுற்றுச் சுற்றும் வேகத்தில் 6 டிகிரிக்கு மேற்படுதல் தகாது. ஆகவே கியர்ப் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை அரை அங்குலம் கட்டை வைத்துத் தாழ்த்தி, பினியனையும் அதற்கிணையாக அமைத்தால், கோணம் ஏறக்குறைய 7 ஆகக் குறையும். அதற்கு மேலும் உயர்த்த விரும்புவோர், டிரான்ஸ்பர் பெட்டியின் பக்கம் இரட்டை மூட்டுள்ள தண்டைப் பொருத்த வேண்டும். அத்தண்டிற்கு விதி வேறு: அங்கே பினியன் தண்டை நேராக நோக்க வேண்டும். இவ்விரு விதிகளையும் மாற்றிக் கொள்வதே பல பட்டறைகளில் நிகழும் பிழையாகும். கோணம் முற்றிலும் பூஜ்யமாவதும் நன்றன்று. மூட்டிலுள்ள ஊசிகள் சிறிதும் உருளாது ஒரே இடத்தில் தேய்ந்துவிடுமாதலால், ஒரு டிகிரியளவு விடுவது வழக்கம்.

தண்டின் முன்முனையைச் சுற்றிச் சட்டத்தோடு பிணைத்த இரும்பு வளையம் ஒன்று அமைப்பின், மூட்டு உடைந்தாலும் தண்டு தரையில் விழாது. இதன் செலவு சொற்பம், பயனோ பெரிது.

சட்டமும் எச்சரிக்கையும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் நிர்ணயித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுதலைத் தடுக்கின்றது. இதனைச் சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரியில் வற்புறுத்தியுள்ளது. எனவே உயர்த்துமுன் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தறிதல் கடமையாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

டிராக்டர் உடையவர்களுக்கும் இதே விதி பொருந்தும். நிமிஷத்திற்கு 540 சுற்றுச் சுழலும் பி.டி.ஓ. தண்டு, ரோட்டவேட்டரை வரப்போரம் தூக்கும்போது 30 டிகிரி சாயுமாயின், மூட்டிற்கு அப்பால் அதன் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 468க்கும் 624க்கும் இடையே ஏறி இறங்கும். தூக்குமுன் விசையை நிறுத்துவதும், தண்டின்மேல் உறையைக் கழற்றாதிருப்பதும், வேட்டி நுனியைத் தொங்கவிட்டு அருகில் செல்லாதிருப்பதும் ஒவ்வொரு குடியானவரும் கைக்கொள்ள வேண்டியனவாகும். புது முழக்கம் ஒன்று கேட்டவுடன் வண்டியை நிறுத்தி, ரசமட்டத்தோடு அரைமணி நேரம் செலவிடுபவர், அச்சும் மூட்டும் மட்டுமல்லாது, தம் வண்டியை நம்பி ஏறிய உயிர்களையும் காத்தவராவர்.