தாயின் வரி மகனுக்கு மட்டும் ஏன்?

நெகிரி செம்பிலானில் பகாவ், ரொம்பின், லாபு பக்கம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இன்னும் நாட்டுக்கோழி மேய்கிறது. ஒரே பெட்டையின் பின்னால் கறுப்பு, செவலை, புள்ளி, வரி என்று பல நிறத்தில் குஞ்சுகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். “எந்தச் சேவலோ!” என்று பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று தந்தைகள் இருக்கலாம். ஆனால் தந்தை ஒருவனே என்றாலும் நிறம் கலைந்துதான் வரும்.

இந்த நிறங்களுக்கெல்லாம் அடிப்படை, நம் வீட்டுக்கோழிகளின் மூதாதையான செங்காட்டுக்கோழி. மலாய்க்காரர்கள் ‘ஆயாம் ஹுத்தான்’ என்பது இதைத்தான். விடியற்காலையில் செம்பனை வரிசைகளுக்குள் சருகைக் கிளறிக்கொண்டு திரியும். சேவலுக்குக் கழுத்து பொன்சிவப்பு, மார்பும் வாலும் கறுப்பு. பெட்டையோ காய்ந்த இலையின் நிறம். அடைகாக்கும்போது அருகில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

இத்தனை நிறத்துக்கும் முக்கியமாக இரண்டே வகை நிறமிகள்தாம். இயூமெலானின் கறுப்பையும் ஃபியோமெலானின் சிவப்பையும் பொன்னிறத்தையும் தருகின்றன. சேவல் வாலில் மின்னும் பச்சைக்குத் தனி நிறமி கிடையாது. கறுப்பு நிறமி அடுக்கடுக்காக அமைந்திருப்பதால் ஒளி செய்யும் வேலை அது. எந்த நிறமி எங்கே என்று தீர்மானிப்பதில் எம்.சி.1.ஆர். என்ற மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் ஒருவகை மாற்றம் வந்தால் உடல் முழுதும் கறுப்பாகிவிடும். மனிதர்களில் செம்பட்டை முடிக்குக் காரணமும் இதே மரபணுவில் ஏற்படும் வேறு மாற்றங்களே.

வரிக்கோழி இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒவ்வோர் இறகிலும் குறுக்கே கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று பட்டைகள் இருக்கும். இறகு வளரும்போது நுனிதான் முதலில் வெளியே வரும், அடி கடைசியாக வரும். வளரும் இறகுக்கு நிறமி ஊட்டும் செல்கள், வரிக்கோழியில் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. அப்போது வளரும் பகுதி வெள்ளையாகிறது. புதிய செல்கள் வந்ததும் மறுபடி கறுப்பு. இப்படி நிறுத்தி நிறுத்தி ஊட்டுவதுதான் நமக்கு வரியாகத் தெரிகிறது.

வரியைத் தரும் இந்த மரபணு இருக்கும் இடம்தான் வேடிக்கையானது. மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும். பறவைகளில் கதை தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள்; பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. வரி மரபணு இசட்டில் இருக்கிறது. பெட்டை தன் ஒரே இசட்டை மகனுக்குத்தான் கொடுக்க முடியும். மகளுக்கு அது கொடுப்பது டபிள்யூ; மகளின் இசட் தந்தையிடமிருந்து வருகிறது.

இப்போது பன்னெட் சதுரம் போட்டுப் பாருங்கள். வரியில்லாத செவலைச் சேவலை வரிப்பெட்டையோடு சேர்த்தால், மகன்கள் எல்லாம் வரி. மகள்கள் ஒன்றுக்கும் வரி இல்லை. சேவலையும் பெட்டையையும் மாற்றிப் போட்டால், அதாவது சுத்தமான வரிச்சேவலும் வரியில்லாத பெட்டையும் சேர்ந்தால், அத்தனை குஞ்சுக்கும் வரி. தேர்வில் இந்த இரண்டாவது கணக்கில்தான் பலர் தடுமாறுவார்கள்.

வரிக்கோழி மரபில் பாலினத்துக்குப் பங்கு உண்டு என்று 1908-இல் அமெரிக்கர் வில்லியம் ஸ்பில்மன் எழுதினார். பாடநூலில் வரும் மார்கனின் வெள்ளைக்கண் பழ ஈக்கு இரண்டு ஆண்டு முந்தியது இது. பாடநூல்கள் ஈயையே கொண்டாடுகின்றன. கோழிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இதனால் என்ன பயன்? முதல் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் தீவனம் தட்டுப்பட்டது. முட்டையிடாத சேவல் குஞ்சுகளுக்கும் வாரக்கணக்கில் தீனி போட வேண்டியிருந்தது, ஏனெனில் சிறு குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கடினம். நிறத்தை வைத்து முதல் நாளே பிரித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் ரெஜினால்டு பன்னெட். ஆம், அந்தச் சதுரத்துக்குச் சொந்தக்காரரேதான்.

அவர் யோசனை இன்றும் பொரிப்பகங்களில் உயிரோடு இருக்கிறது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றில் இசட்டிலேயே உள்ள பொன், வெள்ளி மரபணுக்களை இதேபோல் பயன்படுத்துகிறார்கள்: மஞ்சள் குஞ்சு சேவல், பழுப்புக் குஞ்சு பெட்டை. பிரித்த பிறகு நடப்பதுதான் மனத்தை உறுத்துகிறது. முட்டைக்கான இனத்துச் சேவல்கள் இறைச்சிக்கும் கட்டுப்படியாகாது என்பதால், உலகெங்கும் ஆண்டுதோறும் பல பில்லியன் ஆண் குஞ்சுகள் பொரித்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 ஜனவரி 1 முதல் இதைத் தடைசெய்தது. முட்டைக்குள் இருக்கும்போதே ஆண், பெண் கண்டறியும் முறைகள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன.

வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்கலாம். கறுப்பு-வெள்ளை வரிப்பெட்டை ஒன்றை வரியில்லாத கறுப்பு அல்லது செவலைச் சேவலோடு தனிக் கூண்டில் விடுங்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கும் மேல் தங்கும். ஆகவே முதல் மூன்று வார முட்டைகளைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வருவதை அடைவையுங்கள். 21 நாளில் பொரிக்கும். கறுப்புக் குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. சில மாதத்தில் கொண்டையும் கூவலும் உங்கள் கணிப்பைச் சரிபார்த்துவிடும். செவலையில் கறுப்புக் கோடு ஓடும் கோழியை இதற்கு எடுக்காதீர்கள். அந்தக் கோடு வேறு மரபணுக்களின் வேலை.

வெள்ளைக்கோழியையும் தவிர்ப்பது நல்லது. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் ஓங்கு வெள்ளை மரபணு ஒன்று கறுப்பு நிறமியைத் தடுத்துவிடுகிறது. அடியில் வரி மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. நிறக்கோழியோடு கலந்து இரண்டு தலைமுறை போன பிறகு, யாரும் எதிர்பாராமல் பேரக்குஞ்சு ஒன்று வரியோடு வந்து நிற்கும்.