பாட்டு நின்றும் நிற்காத இரைச்சல்

ஹோம் தியேட்டரில் பாட்டை நிறுத்திய பிறகும் சப்வூஃபர் ‘ம்ம்ம்’ என்று இரைந்துகொண்டே இருக்கிறதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் கடைவீதிக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் கோளாறு பெட்டியில் இல்லை, எர்த்தில்தான்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டை அழுத்தினால் எழும் சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சின்ன ஸ்பீக்கரில் கேட்காத மின்சார இரைச்சலை, இந்தத் தாழ்ந்த ஒலிக்காகவே செய்யப்பட்ட சப்வூஃபர் முழங்கிக் காட்டிவிடுகிறது.

ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக் வீட்டு எர்த்தில் சேர்கிறது. கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னலோ தெருவில் எங்கோ மண்ணைத் தொடுகிறது. இரண்டு இடத்துக்கும் ஒரு வோல்ட்டுக்குக் குறைவாக வித்தியாசம் இருந்தாலே போதும், கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ கேபிளின் பின்னல் வழியே மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். ஆம்ப்ளிஃபயர் அதையும் பாட்டாக எடுத்துப் பெருக்கிவிடும். இதுதான் எர்த் லூப். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் நல்ல மழை. கோடையில் எர்த் குழி காய்ந்தால் அதன் மின்தடை ஏறும், இந்த வித்தியாசமும் கூடலாம். அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது பழைய, சரியான வழக்கம்.

கண்டுபிடிப்பது எளிது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சப்வூஃபரில் செருகிய ஆர்சிஏ கேபிளைக் கழற்றி, சப்வூஃபரை மட்டும் போடுங்கள். அப்போதும் இரைந்தால் உள்ளே கண்டென்சர் போயிருக்கலாம், மெக்கானிக் வேலை. அடங்கிவிட்டால் கேபிளை மாட்டி, செட்டாப் பாக்ஸின் கேபிள் டிவி ஒயரைக் கழற்றுங்கள். பல வீடுகளில் இங்கேயே விடை கிடைத்துவிடும். அந்த ஒயரில் ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. டிஷ் ஆன்டெனா என்றால் அது சரிப்படாது, ஏனென்றால் டிஷ்ஷின் தலைக்கு மின்சாரம் அதே ஒயரில்தான் போகிறது. ஆர்சிஏ கேபிளில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். மலிவான சரக்கு இரைச்சலோடு பேஸையும் விழுங்கிவிடும். 20 ஹெர்ட்ஸ் வரை கடத்துமா என்று கேட்டு வாங்குங்கள். எல்லாப் பிளக்கையும் ஒரே போர்டில் செருகினாலே பாதி இரைச்சல் அடங்குவதும் உண்டு.

சிலர் பிளக்கின் மேலே உள்ள எர்த் பின்னை, அந்தத் தடித்த நீளப் பின்னை, வெட்டிவிடுகிறார்கள். இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே ஒரு ஃபேஸ் ஒயர் நழுவி இரும்புக் கூட்டைத் தொட்டால், 230 வோல்ட்டும் அந்தக் கூட்டிலேயே நிற்கும். தொடும் பிள்ளையின் கை வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். தயவுசெய்து அந்தப் பின்னில் மட்டும் கை வைக்காதீர்கள்.