அப்பாவின் முட்டிக்கு ஏத்த இத்தாலி!

உங்க அப்பா உங்களைக் கடைசியா எப்போ தோளில் தூக்கிட்டு நடந்தார்னு ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லா இருக்கு. திருச்சி மலைக்கோட்டையில், பாதிப் படி ஏறினதும் 'கால் வலிக்குதுப்பா' என்று நான் சீன் போட, அப்படியே அலேக்காகத் தூக்கித் தோளில் வைத்து உச்சிப்பிள்ளையார் வரைக்கும் கொண்டுபோய் இறக்கினார். நானூறு சொச்சம் படி பாஸ்!

அந்த அப்பாவுக்கு இப்போ வயசு 66. ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். அம்மாவுக்கு 61, அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவங்க. நான் கடைக்குட்டி என்பதால், என் கிளாஸ்மேட்ஸின் தாத்தா-பாட்டி வயசில் எனக்கு அப்பா-அம்மா!

2025 ஆரம்பத்தில் பெங்களூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். "தம்பி, அப்பா-அம்மாவை இத்தாலிக்கு அனுப்பலாம்னு இருக்கேன். காசு என்னோடது. எனக்கு லீவு கிடைக்காது. பிளானும் துணையும் நீ. செமஸ்டர் லீவுல போயிட்டு வந்துடுங்க!"

இது போதாதா? லேப் ரெக்கார்டு எழுதக்கூட இவ்வளவு ஆர்வம் காட்டியதில்லை. ஒரே ராத்திரியில் எக்ஸெல் ஷீட் ரெடி. ஒன்பது நாள்... மிலன், வெனிஸ், வெரோனா, ஃப்ளாரன்ஸ், பைசா, ரோம், நேப்பிள்ஸ், பாம்பேய். காலை ஆறு மணிக்கு ஒரு ஊர், ராத்திரி பத்துக்கு இன்னொரு ஊர். கலர் கலராக அடித்து அப்பாகிட்டே நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தவர், "பிரமாதம்டா" என்று மட்டும் சொன்னார்.

ரெண்டு வாரம் கழித்து அம்மா என்னைக் கிச்சனுக்குள் இழுத்து, குசுகுசுவென்று அந்த குண்டைப் போட்டாங்க. "உங்கப்பா தினம் விடியக்காலைல நாலரைக்கு எந்திரிச்சு, முட்டிக்கு எலாஸ்டிக் பட்டையை மாட்டிக்கிட்டு மொட்டைமாடிப் படில ஏறி ஏறி இறங்குறாருடா. உன் பிளானுக்கு ஈடுகொடுக்கணுமாம். 'பையன்கிட்ட சொல்லிடாதே'ன்னு வேற மிரட்டுறார்."

எக்ஸெல் ஷீட்டை அன்னிக்கே டெலிட் பண்ணிட்டேன்.

ஊருக்கு முன்னாடி ஒரு இன்டர்னல் டெஸ்ட்!

உங்க வீட்டிலும் இப்படி ஒரு டூர் பேச்சு வந்தால், முதலில் இதைச் செய்யுங்க. எந்த புராஜெக்ட்டையும் டெஸ்ட் பண்ணாமல் சப்மிட் பண்ண மாட்டோம்ல? அதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் மலைக்கோட்டைக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் கூட்டிட்டுப் போனேன். 'முடியுமா?' என்று கேட்கவில்லை. கேட்டால் எல்லா அப்பாவும் 'முடியும்'னுதான் சொல்வாங்க. வாட்சை மட்டும் பார்த்தேன்.

ரிசல்ட்: சமதளத்தில் முக்கால் மணி நேரம் நடக்க முடியுது. படி என்றால் நாற்பதுக்கு மேல் மூச்சு வாங்குது. ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம். மத்தியானம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கட்டை சாயணும். இந்த நாலு கண்டிஷன்தான் என் பிளானின் சிலபஸ்!

இப்போ இத்தாலியைப் பாருங்க. ஃப்ளாரன்ஸ் கதீட்ரலில் புருனெல்லெஸ்கி கட்டிய பிரமாண்டமான கோபுரக் கூண்டு, 463 படி, லிஃப்ட் கிடையாது. பக்கத்து மணிக்கூண்டு 414 படி. ரோமில் புனித பீட்டர் பேராலயத்தின் உச்சிக்கு 551 படி. லிஃப்ட் இருக்கே என்கிறீர்களா? லிஃப்டில் போனாலும் மிச்சம் 320 படி ஏறணும். வெனிஸில் பாலங்கள் மட்டுமே 400-க்கு மேல், பெரும்பாலானவை படி வைத்தவை. அந்தத் தீவுக்குள் காரோ ஆட்டோவோ கிடையாது. ரோமின் பழைய தெருக்களில் கறுப்புக் கல்லைப் பதித்து வைத்திருக்கிறார்கள். போட்டோவில் சூப்பர், முட்டிக்கு எமன்.

அதற்காக இத்தாலியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. எல்லா உச்சியையும் கீழே நின்று பார்க்கலாம், ரசிக்கலாம். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. டிக்கெட்டில் பெயர் அச்சாகும் என்பதால் பாஸ்போர்ட்டை மறக்காதீங்க. மைக்கேலேஞ்சலோவின் தாவீது சிலை ஐந்து மீட்டருக்கு மேல் உயரம், தரைத்தளத்திலேயே நிற்கிறான். ஃப்ளாரன்ஸ் முழுவதையும் மேலிருந்து பார்க்க மைக்கேலேஞ்சலோ சதுக்கத்துக்கு டவுன் பஸ்ஸே போகுது. கோபுரத்தில் ஏறாமலே அதே சீன்!

ஒரு துண்டுச்சீட்டு

பழைய பிளானைக் கிழித்த அன்றைக்கு ரெண்டு பேரிடமும் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டைக் கொடுத்து, "இத்தாலியில நீங்க பார்த்தே ஆகணும்னு நினைக்கிற ஒரே ஒரு இடத்தை எழுதுங்க" என்றேன். அம்மா 'படகுல போற ஊர்' என்று எழுதினாங்க. வெனிஸ், ஓகே. அப்பா சீட்டைப் பிரித்தால்... 'காஸ்தில்யோனே.'

கூகுளில் தட்டினால் முழுப்பெயர் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. வட இத்தாலியில் மாந்துவா பக்கத்தில் ஒரு சின்ன ஊர். எந்த டூர் பேக்கேஜிலும் இல்லை. "இங்க என்னப்பா இருக்கு?" என்றால், அப்பா முறைத்தார். "வீரமாமுனிவர் பிறந்த ஊருடா!"

ஆமாம் ஃப்ரெண்ட்ஸ், மெரினாவில் நாம சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கடந்து போற அந்தச் சிலைக்காரர்தான். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ல் அந்த ஊரில் பிறந்து, 1710-ல் இந்தியா வந்து, தமிழ் கற்று, 'தேம்பாவணி' காப்பியமும் 'சதுரகராதி'யும் எழுதியவர். எங்க திருச்சிக்குப் பக்கத்தில் அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் கோயில் கட்டி வாழ்ந்தவர். வருஷா வருஷம் ஸ்கூல் பசங்களை ஏலாக்குறிச்சிக்குக் கூட்டிப்போன மனுஷர், அவருடைய சொந்த ஊரை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். என் கலர் ஷீட்டில் எட்டு ஊர் இருந்தது. அவர் ஆசைப்பட்ட ஊர் மட்டும் அதில் இல்லை. நானும் கேட்கலை, அவரும் சொல்லலை.

எட்டு ஊர் மூணு ஊரான கதை

புது பிளான்: பத்து ராத்திரி, மூணே ஹோட்டல். ரோமில் நாலு, ஃப்ளாரன்ஸில் மூணு, வெரோனாவில் மூணு. வெனிஸும் காஸ்தில்யோனேவும் வெரோனாவிலிருந்து காலையில் போய் சாயங்காலம் திரும்புகிற தூரம்தான். பெட்டியைக் கட்டிப் பிரிக்கிற வேலை மிச்சம். ரோமில் இறங்கி மிலனில் விமானம் ஏறுகிற மாதிரி டிக்கெட் போட்டதால் வந்த வழியே திரும்பும் அலைச்சலும் இல்லை. நடுவில் எல்லாமே அதிவேக ரயில். ரோம்-ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், ஃப்ளாரன்ஸ்-வெரோனாவும் கிட்டத்தட்ட அதேதான்.

ஹோட்டல் போடும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீங்க. 'லிஃப்ட் இருக்கா? அது எங்க மாடி வரைக்கும் வருமா? வாசலில் படி எத்தனை? பாத்ரூமில் பிடிமானம் இருக்கா?' என்று நாலு கேள்வி கேட்டு மெயில் போடுங்க. அங்கே நூற்றாண்டு பழமையான கட்டடங்கள் சகஜம், லிஃப்ட் இல்லாததும் சகஜம்.

விசா மேட்டர்: ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை இழுக்காதீங்க. 2024 ஜூன் முதல் பெரியவங்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதில் ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷருக்குக் கவர் உண்டா என்று பொடி எழுத்தைப் படிங்க. பல பாலிசிகள் அங்கேதான் கழன்றுகொள்ளும்.

வீல்சேர் டிராமா

ஏர்போர்ட்டில் வீல்சேர் உதவி இலவசம். 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும். ஆனால் அப்பாகிட்டே யார் சொல்றது? "நான் என்ன நோயாளியா?" என்று ஒரே எகிறல். அம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. "எனக்குத்தான் முடியலை. தனியா உக்கார வெக்கமா இருக்கு. நீங்களும் பக்கத்துல உக்காருங்க." அவ்வளவுதான், ஐயா உட்கார்ந்துட்டார். முப்பது வருஷம் நோயாளிகளை மாத்திரை முழுங்க வெச்ச அனுபவமாச்சே!

ரயில்வே ஸ்டேஷனிலும் 'சாலா ப்ளூ' என்று ஓர் இலவச உதவி மையம் இருக்கு. முன்கூட்டியே சொன்னால் பெட்டி வரைக்கும் கூட வந்து ஏற்றிவிடுவாங்க. பிளாட்பாரம் நம்பரைக் கடைசி நேரத்தில்தான் போர்டில் போடுவாங்க என்பதால், வயசானவங்களோடு ஓடறதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

2025 மே கடைசியில் நாங்க போனப்போ ரோமில் ஜூபிலி ஆண்டு. 25 வருஷத்துக்கு ஒருமுறை வருகிற புனித ஆண்டு என்பதால் பேராலய வாசலில் செம கூட்டம். காலை ஏழரைக்கே போனோம், தப்பித்தோம். மூணாம் நாள் ஸ்பானிஷ் படிக்கட்டு. கோயிலுக்குப் போனால் ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு வர்றதுதானே நம்ம வழக்கம்? அப்பா மூணாவது படியில் ஹாயாக உட்கார... 'பீப்ப்ப்!' என்று போலீஸ் விசில்! 2019-லிருந்து அந்தப் படியில் உட்காரத் தடை, 400 யூரோ வரை அபராதமாம். நரைத்த முடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுப்பிவிட்டார் போலீஸ்காரர். "உக்காரக்கூடாதுன்னா படி எதுக்குடா கட்டினான்?" என்று வெரோனா வரைக்கும் புலம்பிட்டே வந்தார் அப்பா.

உட்கார இடம் வேணும்னா காபி கடைதான். கவுன்டரில் நின்று குடித்தால் காபி மலிவு, டேபிளில் உட்கார்ந்தால் விலை ஏறும். காலேஜ் பசங்க நிற்கலாம். பெரியவங்களோடு போனால் கணக்கு பார்க்காமல் உட்காருங்க. பாத்ரூமும் ஃப்ரீ!

பையில் போட்டுக்கங்க...

* மாத்திரை எல்லாம் கைப்பையில்தான். கூடவே மருந்தின் வேதிப்பெயரோடு டாக்டர் சீட்டு. அங்கே பச்சை சிலுவை போர்டு மாட்டியிருந்தால் மருந்துக்கடை. அவசர நம்பர் 112.

* பருப்புப்பொடி ஓகே. நெய் ஜாடி, தயிர் கூடாது. ஐரோப்பாவுக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணிகள் கொண்டுபோகத் தடை. கறிவேப்பிலைக் கொத்துக்கும் 'நோ'!

* சைவமா? 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே' என்று மனப்பாடம் பண்ணுங்க. கறியும் மீனும் இல்லாமல் என்று அர்த்தம். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பாங்க. கறார் சைவக்காரங்க கவனிக்கணும்.

* நிறைய ஹோட்டல்கள் மத்தியானச் சாப்பாட்டோடு மூடி, ராத்திரி ஏழு, ஏழரைக்குத்தான் திறக்கும். நாலு மணிப் பசிக்கு முறுக்கு அவசியம்.

* தண்ணீர் பாட்டிலை வீசாதீங்க. ரோம் தெருவோரக் குழாய்களில் நல்ல குடிநீர் இலவசமாகக் கொட்டுது.

* ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். வெயில் நம்ம ஊர் கத்திரிக்குச் சவால் விடும். ஏப்ரல்-மே, செப்டம்பர் கடைசி-அக்டோபர்தான் பெஸ்ட்.

அந்தச் சின்ன ஊரில்...

வெனிஸில் கொண்டோலாவுக்கு அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. அம்மா விலையைக் கேட்டதுமே பின்வாங்கிட்டாங்க. ஒன்றாம் நம்பர் வாட்டர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பெரிய கால்வாய் முழுக்க முக்கால் மணி நேரம் போனோம். அம்மா ஒரு வார்த்தை பேசலை. ஒரு பாலம்கூட ஏறாமல் சான் மார்க்கோ வந்துட்டோம்.

மறுநாள் காஸ்தில்யோனே. அங்கே ரயில் போகாது. வெரோனாவிலிருந்து தெஸென்ஸானோ வரைக்கும் ரயில், அப்புறம் டாக்ஸி. அமைதியான ஊர். சதுக்கத்தில் நின்ற அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். போட்டோ எடுக்க விடலை.

அங்கே இன்னொரு ஆச்சரியம்... செஞ்சிலுவைச் சங்க மியூசியம்! 1859-ல் பக்கத்து சோல்ஃபெரினோவில் நடந்த போரில் காயம்பட்டவங்களை இந்த ஊர்க் கோயில்களில்தான் கிடத்தியிருக்காங்க. எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் கட்டுப்போட, அதை நேரில் பார்த்த ஆன்ரி துனான் மனசில் விழுந்த விதைதான் செஞ்சிலுவைச் சங்கம். எங்க யாருக்கும் போகும்வரை இது தெரியாது. பழைய ஸ்ட்ரெச்சர்கள் முன்னால் நின்று அப்பாவுக்கு வகுப்பெடுத்தாங்க அம்மா. வாத்தியார் கைகட்டிக் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது டாக்ஸியில் அப்பா சொன்னார்: "முப்பது வயசுல நம்ம ஊருக்கு வந்தவர்... திரும்பி இங்க வரவே இல்லைடா." அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அவங்கம்மா என்ன நினைச்சிருப்பாங்களோ" என்றாங்க.

யாரும் பேசலை. வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கப் போகணும் என்று நான் அப்ளிகேஷன் வேலையை ஆரம்பித்து மூணு மாசம் ஆகியிருந்தது. அதைப்பற்றி அம்மா அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்னிக்கு ராத்திரி வெரோனா ஹோட்டலில் முறுக்கைக் கடித்துக்கொண்டே நானாகப் பேச ஆரம்பித்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினோம்.

அதனால பாஸ்... இத்தாலியோ ஏலகிரியோ, எதுவா வேணா இருக்கட்டும். மேப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி வீட்டில் ரெண்டு துண்டுச்சீட்டைக் கொடுத்துப் பாருங்க. அப்படியே, விடியக்காலைல மொட்டைமாடிப் படியில் ஏதாவது சத்தம் கேட்குதான்னும் கொஞ்சம் கவனிங்க!