வறண்ட காட்டுக்கு யானைகள் வந்தது எப்படி? கௌண்டின்யா சரணாலயம் செல்வோர் அறிய வேண்டியவை

பங்காருபேட்டை: கோலார் தங்கவயலைக் காண வருவோர் பலரும் அறியாத வறண்ட காடு ஒன்று அதன் அருகிலேயே உள்ளது. பங்காருபேட்டை வட்டத்தின் காமசமுத்திரம் பகுதியைக் கடந்தால், ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் விரிகிறது.

உசிலை, வேல மரங்கள், மூங்கில், முட்புதர்கள், பாறைக் குன்றுகள் நிறைந்த இக்காட்டில் பல தலைமுறைகளாக யானைகள் இல்லை. 1980-களில் ஓசூர் பகுதிக் காடுகளில் இருந்து யானைக் கூட்டங்கள் இங்கு வரத் தொடங்கின. அவற்றைப் பாதுகாக்கவே, சுமார் 358 சதுர கிலோமீட்டர் பரப்பு 1990-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மோதலுக்குக் காரணம் என்ன?

வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு சுமார் 150 கிலோ உணவும், 100 லிட்டருக்கு மேல் தண்ணீரும் தேவை. கோடையில் மரங்கள் இலை உதிர்க்கின்றன. பாலாற்றின் துணையாறுகளான கௌண்டின்யா, கைகல் ஆகியவற்றில் நீர் குறைகிறது. அப்போது காட்டை ஒட்டிய ஏரிகளும், கரும்பு, நெல், கேழ்வரகு வயல்களும் யானைகளை ஈர்க்கின்றன. வயலைக் காக்கச் செல்லும் விவசாயிகள் யானை தாக்கியும், யானைகள் மின்சாரம் பாய்ந்தும் உயிரிழப்பது தொடர்கிறது. மாநில எல்லை யானைகளுக்குத் தெரியாது என்பதால் காமசமுத்திரம் சுற்றுவட்டார கிராமங்களும் இதே பாதிப்பைச் சந்திக்கின்றன.

காட்டு யானைகளை விரட்டப் பயன்படும் 4 கும்கி யானைகளை, 2025 மே 21-ம் தேதி கர்நாடக அரசு ஆந்திராவிடம் ஒப்படைத்தது. எனினும், காட்டுக்குள் தண்ணீரும் தீவனமும் இருந்தால் மட்டுமே யானைகள் வெளியேறுவது குறையும்.

எப்போது, எப்படிச் செல்லலாம்?

மழைக்குப் பிந்தைய குளிர்காலம் ஏற்றது. அப்போது பலமனேர் - குப்பம் சாலையை ஒட்டிய கைகல் அருவியில் நீர்வரத்து இருக்கும். பாறைக் குன்றுகளில் வாழும் அரிய பறவையான மஞ்சள்தொண்டைச் சின்னானையும் காண வாய்ப்புண்டு. பங்காருபேட்டையில் இருந்து ரயிலில் குப்பம் சென்று, அங்கிருந்து சாலை வழியாகப் பயணிக்கலாம்.

வனத்துறையின் அனுமதியின்றி காட்டுக்குள் நுழையக் கூடாது. அதிகாலையிலும் மாலை மங்கிய பிறகும் நீர்நிலைகளுக்குச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். யானை தென்பட்டால் வாகனத்தை விட்டு இறங்குவதோ, செல்ஃபி எடுப்பதோ, ஒலி எழுப்புவதோ ஆபத்தானது. கூச்சலால் மிரளும் கூட்டம் அருகிலுள்ள கிராமத்துக்குள் புகக்கூடும் என்பதையும் பயணிகள் மனதில் கொள்ள வேண்டும்.